ஞா தெயோவின் சொந்தக் கொம்பு

காலை ஒன்பதரை ஆனதும் ஞா தெயோ கைப்பையைத் திறந்து தன் கொம்பை வெளியே எடுத்துவிடுவார். மாட்டுக் கொம்பைக் குடைந்து விளிம்பில் வெள்ளித் தகடு கட்டிய குவளை அது. பழைய கைக்குட்டையால் உள்ளே ஒரு துடைப்பு, வெளியே ஒரு துடைப்பு. அப்புறம் முக்கால் பாகத்துக்கு யெர்பா இலைத்தூள், நடுவில் உலோகக் குழல், மேலே பனிக்கட்டி மிதக்கும் தண்ணீர். அந்தத் தண்ணீரில் நகராட்சி வாசல் மூலிகைக்காரி இடித்துக் கொடுத்த புதினாவும் எலுமிச்சைப் புல்லும் கிடக்கும். எல்லாம் தயாரானதும் தாழ்வார பெஞ்சின் கடைக்கோடிக்குப் போய், மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தனியாக உறிஞ்ச ஆரம்பிப்பார்.

பராகுவாயில் தெரெரே என்னும் இந்தக் குளிர் பானத்தைக் குடிக்காத அலுவலகம் கிடையாது. ஆனால் தெரெரேயைத் தனியாகக் குடிப்பது, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு வீட்டிலிருந்து கொண்டுவந்த டிபன் பாக்ஸைத் திறப்பது மாதிரி. பெஞ்சின் இந்தப் பக்கத்தில் வரி வசூல்காரர்கள், தட்டச்சுக்காரிகள், காவலாளி, பொருளாளர், நான் எல்லோருக்கும் ஒரே கொம்பு, ஒரே குழல்தான். ஊற்றுவதற்கு ஒருவர். முதல் கொம்பு அவருக்கு, அடுத்தது பக்கத்தில் இருப்பவருக்கு, இப்படியே வட்டம் சுற்றி வரும். நான் உள்ளூர் வானொலிக்குச் செய்தி சேகரிப்பவன். செய்தியில் முக்கால்வாசி இந்த வட்டத்தில்தான் கிடைக்கிறது என்பதால் நான் தவறாமல் ஆஜர்.

பொருளாளர் அனஸ்தாசியோவை எல்லோரும் மரியாதையாகக் கராய் என்று அழைப்பார்கள். பழுத்த கிண்டல்காரர். தினமும் அதே கேள்வியைத்தான் எறிவார்.

"ஞா தெயோ! அங்க என்ன தனி ராஜ்ஜியமா? உங்களுக்கு மட்டும் கொம்பா முளைச்சிருக்கு?"

அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். குவளையை மட்டும் தோளுக்கு மேலே தூக்கிக் காட்டுவார்.

"முளைச்சிருக்கே, கண்ணு தெரியலையா?"

தினமும் அதே பதில், தினமும் அதே சிரிப்பு. எனக்குச் சலித்ததே இல்லை.

முழுப்பெயர் தெயோலிந்தா ஓவெலார், ஞா என்பது மூத்த பெண்களின் பெயருக்கு முன்னால் நாங்கள் சேர்க்கும் மரியாதை. சான் ஒனோஃப்ரே நகராட்சியின் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பாளர். பிரிவு என்றால் பயந்துவிடாதீர்கள். மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை, அதில் இவர், ஒரு மின்விசிறி, எப்போதும் இரைந்துகொண்டிருக்கும் ஒரு சர்வர், அவ்வளவுதான். ஐம்பதைத் தாண்டிய குள்ளமான உருவம், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி, அறைக்குள் எப்போதும் ரப்பர் செருப்பு. அதிகாரிகளிடம் ஸ்பானிஷில் பேசுவார். கணினியைத் திட்டுவது மட்டும் மண்ணின் மொழியான குவரானியில்தான், அது உயிர் உள்ள மொழி என்பதால் வசவும் உறைக்குமாம். சர்வருக்கு அவர் வைத்திருக்கும் பெயர் மாமியார்.

"மாமியாருக்கு இன்னிக்கு மூச்சு வாங்குது, யாரும் பெரிய ஃபைலா அனுப்பித் தொலைக்காதீங்க" என்று படிக்கட்டைப் பார்த்துக் கத்துவார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஏன் என்று கேட்டால், "பண்ணிக்கிட்டிருந்தா வீட்லயும் ஒண்ணு இருந்திருக்கும். இந்த ஒண்ணையே சமாளிக்க முடியல" என்பார்.

கம்பெனிகள் அனுப்பும் விலைப்புள்ளிகளை வாய்விட்டுப் படிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. "'முழுமையான தீர்வு'ன்னு போட்டிருக்கான் பாரு ரேடியோ" என்று என்னைக் கூப்பிடுவார். எனக்கு அவர் வைத்த பெயர் ரேடியோ. "முழுசாக் காசை வாங்கிக்கிட்டு நம்மளைத் தீர்த்துடுவான்னு அர்த்தம்."

ஒருமுறை பிரிண்டர் விற்பவர் ஒருவர் அவர் மேஜையில் ஒரு கூடை சூடான சீப்பாவை வைத்தார். மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுட்ட வளைய ரொட்டி, வாசனையே ஆளைத் தூக்கும். ஞா தெயோ கூடையோடு அவரையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்து, வரி கட்ட நின்ற வரிசையில் கடைசி ஆளிலிருந்து ஆரம்பித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். "எல்லாம் இந்தண்ணன் புண்ணியம்" என்று விற்பனைக்காரரையும் காட்டிக் கொடுத்தார். அவருக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பக்கத்தில் நின்ற எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வரிசையில் நின்றிருந்தால் கிடைத்திருக்குமாம்.

இந்த ஊர் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஸ்பெயினிலிருந்து ஒரு விற்பனை மேலாளர் வந்திருந்தார். எங்கள் ஊர்க் கோடையான ஜனவரி வெயிலில் கோட்டு, டை. தாழ்வாரத்தில் அவருக்கும் கொம்பை நீட்டினோம். குடித்துவிட்டு, நல்ல வளர்ப்பு அல்லவா, அழகாக நன்றி என்றார். அவ்வளவுதான், அதற்கப்புறம் கொம்பு அவர் மூக்குக்கு முன்னால் போய்ப் போய் வந்ததே தவிர அவர் கைக்கு வரவில்லை. தன் கம்பெனியை ஒதுக்கிவிட்டார்கள் என்றே நினைத்துவிட்டார் மனிதர். ஞா தெயோதான் பாவம் பார்த்தார்.

"ஐயா, இங்க நன்றின்னு சொன்னா, 'போதும், இனிமே வேண்டாம்'னு அர்த்தம். வேணும்னா வாயைத் திறக்காம கொம்பைத் திருப்பிக் குடுங்க."

"அப்போ நன்றியை எப்படிச் சொல்றது?"

"அடுத்ததையும் வாங்கிக் குடிக்கறதுதான்" என்று சொல்லிவிட்டுத் தன் கடைக்கோடிக்குப் போய்விட்டார்.

அவரே ஏன் அந்த வட்டத்தில் சேருவதில்லை என்பது ரொம்ப நாளாக என்னைக் குடைந்த கேள்வி. கேட்கும்போதெல்லாம் ஒரு பதில் சொல்வார். ஒருநாள் வயிற்றுப்புண். ஒருநாள் உதட்டுப்புண். இன்னொரு நாள், "அனஸ்தாசியோ பல்லை விளக்கறதில்ல" என்றார். பொருளாளரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

உண்மையான பதில் ஒரு மழை நாளில் கிடைத்தது. மின்சாரம் போய் மாமியார் உறங்கிய நேரம்.

"நான் நகராட்சியோட கொள்முதல் குழுவுல சேர்றதுக்கு முன்னாடி எல்லாரோடயும்தான் குடிச்சேன், ரேடியோ. சேர்ந்த முதல் மாசமே ஒருத்தன் இந்த பெஞ்சுல வந்து உட்கார்ந்தான், கம்ப்யூட்டர் விக்கறவன். நல்ல மனுஷன். நல்லா ஊத்துவான், நல்லா ஜோக் சொல்லுவான். அப்புறம் அவன் விலைப்புள்ளியைப் பிரிச்சா, அத்தனையும் தப்பு. எனக்குத் தள்ளிவைக்க மனசு வரல. தப்பைப் பார்த்தா அவன் மூஞ்சிதான் தெரியுது. ஒரே குழல்ல வாய் வெச்சாச்சே! அன்னிக்குத்தான் இந்தத் தனிக் கொம்பை வாங்கினேன்."

"தள்ளிவெச்சீங்களா, இல்லையா?"

"வெச்சேன். ரெண்டு நாள் சோறு இறங்கல." சொல்லும்போதே முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவருக்குப் போன வருடம் சோதனை வெளியூர்க்காரன் உருவில் வரவில்லை. கை கூப்பிக்கொண்டு சொந்த வீட்டு வாசலில் வந்து நின்றது.

சுகாதார நிலையத்தில் மருத்துவரைப் பார்க்க டோக்கன் வாங்க, ஊர் ஜனம் விடியுமுன்னே வரிசையில் நிற்கும். அதை ஒழித்துக்கட்ட, வீட்டிலிருந்தே கைப்பேசியில் நேரம் பதிவு செய்யும் கணினி ஏற்பாடு ஒன்றை வாங்க நகராட்சி முடிவு செய்தது. மூன்று கம்பெனிகள் போட்டியில் இருந்தன. ஒன்று தலைநகர் அசுன்சியோனின் பெரிய கம்பெனி, இன்னொன்று தெற்கே என்கார்னாசியோனிலிருந்து வந்தது, மூன்றாவது எங்கள் ஊர் ஜெருத்தியின் கம்பெனி. தேர்ந்தெடுக்க மூன்று பேர் குழு. ஞா தெயோ, பொருளாளர் அனஸ்தாசியோ, நகராட்சி வக்கீல் தொக்தோர் இன்ஸ்ஃப்ரான். வக்கீலுக்கும் இங்கே தொக்தோர் பட்டம்தான்.

ஜெருத்தியை ஞானஸ்நானத் தொட்டியருகே கையில் ஏந்தி நின்றவர் ஞா தெயோ. அவளுக்கு அவர் மத்ரீனா, ஞானத்தாய். பிள்ளை இல்லாத மத்ரீனா என்றால் கேட்கவா வேண்டும்? முதல் கணினியை வாங்கிக் கொடுத்தவர், மாடிப்படி அறையில் உட்காரவைத்து நிரல் எழுதச் சொல்லிக் கொடுத்தவர், எல்லாம் இவர்தான். அவள் தெருவில் இவரைப் பார்த்தால் எவ்வளவு அவசரமானாலும் நின்று, இரண்டு கையையும் கூப்பி, "ஆசீர்வாதம், மத்ரீனா" என்பாள். இவர் காற்றில் ஒரு சின்னச் சிலுவை வரைவார். கல்லூரி முடித்த பிறகும், நாலு பேருக்கு முதலாளி ஆன பிறகும் அந்தக் கூப்பல் மாறவில்லை. அந்த ஒரு வினாடியில் ஞா தெயோவின் முகம் எப்படி மலரும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அவளுடைய அப்பா வில்ஃப்ரீதோ கான்யெத்தே டயர் கடைக்காரர். கடையில் பாதியைத் தடுத்து மகளுக்கு அலுவலகம் ஆக்கிக் கொடுத்திருந்தார். கூட வேலை செய்தவர்கள் எல்லாம் அவளோடு படித்த பிள்ளைகள். இந்த ஒப்பந்தம் கிடைத்தால் கம்பெனி நிற்கும், கிடைக்காவிட்டால் தடுப்பை எடுத்துவிட்டு மறுபடியும் டயர் அடுக்க வேண்டியதுதான். இது ஊருக்கே தெரியும்.

ஒரு குழந்தைக்கு ஞானத்தாய் ஆனவரும் அதைப் பெற்றவரும் அன்றிலிருந்து ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். ஆணைக் கொம்பாத்ரே, பெண்ணைக் கொமாத்ரே என்றுதான் கூப்பிட வேண்டும். கோபத்தில்கூடப் பெயர் வரக்கூடாது. வந்தால் உறவு முறிந்தது என்று பொருள். வில்ஃப்ரீதோவும் ஞா தெயோவும் ஜெருத்தி பிறந்த நாளிலிருந்து அப்படித்தான்.

அந்த வில்ஃப்ரீதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞா தெயோவின் வாசலில் வந்து கை கூப்பி நின்றார். இதை வில்ஃப்ரீதோவே பிற்பாடு என்னிடம் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொண்டார்.

"கொமாத்ரே, ஒரு வக்கீலைக் கேட்டுட்டேன். விதியில புருஷன், பொண்டாட்டி, ரத்த சொந்தம், கட்டிக்கொடுத்த சொந்தம், இவ்வளவுதான் இருக்காம். ஞானஸ்நான சொந்தம் கணக்குலயே இல்லையாம். நீங்க நியாயமா என்ன தோணுதோ அதைச் செய்யுங்க. நான் எதுவும் கேட்கல."

"எதுவும் கேட்காம ஞாயித்துக்கிழமை இவ்வளவு தூரம் வந்தீங்களாக்கும்?"

"ஒண்ணே ஒண்ணு. உறை பிரிக்கற அன்னிக்கு ஒரு நாள் மட்டும், கூட்டத்துல எல்லார் முன்னாடியும், என்னைக் கொம்பாத்ரேன்னு கூப்பிட்டுடாதீங்க. பேரைச் சொல்லிடுங்க. நான் தப்பா எடுத்துக்கமாட்டேன்."

ஞா தெயோ அவருக்கு மரவள்ளிக் கிழங்கும் வறுத்த முட்டையும் வைத்தாராம். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் நின்றுவிட்டு, "உங்க பேரு எனக்கு ஞாபகம் இருக்கான்னே தெரியல" என்று மட்டும் சொன்னாராம்.

விலைப்புள்ளி உறைகளைப் பிரிக்கும் நாள் வந்தது. பொதுக்கூட்டம் என்பதால் நானும் ஒலிவாங்கியோடு போய் உட்கார்ந்தேன். தாழ்வார வட்டம் மொத்தமும் சுவரோரம் நின்றது. ஞா தெயோ அந்த உறவைப் பற்றி வாயைத் திறக்கமாட்டார் என்றுதான் எல்லோரும் சொன்னோம். நானும்தான். அவள் வேலை நல்ல வேலை, விதி தடுக்கவில்லை, குழுவில் கணினி தெரிந்தவர் இவர் ஒருவர்தான், வேறென்ன வேண்டும்? மனதுக்குள் அவர் பேசாமல் இருக்க வேண்டும் என்றே நான் விரும்பினேன். நம் ஊர்ப் பெண் ஜெயிக்கட்டுமே என்ற ஆசைதான்.

தொக்தோர் இன்ஸ்ஃப்ரான் உறவு விதியைப் படித்தார். "குழு உறுப்பினர் யாருக்காவது போட்டியாளரோட இந்த உறவு ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். முதலில் தனக்கு இல்லை என்றார். பொருளாளர் இல்லை என்றார். ஞா தெயோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் பட்டியல்ல இருக்கற மாதிரி இல்ல" என்றார். ஜெருத்தி மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அடுத்து, கம்பெனிகள் சார்பில் கையெழுத்திட்டு வந்திருப்பவர்களின் பெயர்களை வாசிக்க வேண்டும்; ஜெருத்திக்காகக் கையெழுத்திட்டிருந்தவர் அவள் அப்பா. அது ஞா தெயோவின் வேலை. தலைநகர்க்காரர் பெயரை வாசித்தார். தெற்கத்திக்காரர் பெயரை வாசித்தார். மூன்றாவதுக்கு வந்தார்.

"உள்ளூர் கம்பெனி சார்பா..." என்று நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். "...கொம்பாத்ரே கான்யெத்தே."

அறை கொல்லென்று சிரித்தது. காவலாளி கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாவம், நாக்குப் பழக்கம் என்று எல்லோருக்கும் புரிந்தது. வில்ஃப்ரீதோ முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோளும் சிரிப்பில்தான் குலுங்கியது என்று நினைக்கிறேன்.

ஞா தெயோ மட்டும் சிரிக்கவில்லை. காகிதத்தை மேஜையில் வைத்தார்.

"இந்தப் பொண்ணு எனக்கு ஞானப்பொண்ணு. நான் இந்த மேஜையில இருக்கக்கூடாது."

"ஞா தெயோ, ஞா தெயோ!" என்று தொக்தோர் பதறி எழுந்தார். "விதியில கொம்பாத்ரே இல்லவே இல்ல! நானே படிச்சேனே!"

"விதியை எழுதினவன் இந்த ஊர்ல ஞானஸ்நானம் வாங்கியிருக்கமாட்டான், தொக்தோர்."

"அதெல்லாம் உறவே இல்ல. சட்டப்படி அது வெறும் பழக்கம். நீங்க உட்காருங்க. தயவுசெஞ்சு உட்காருங்க!"

அவர் அப்படிப் பதறியதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. எழுந்து போகிறவர் ஞா தெயோ, இவருக்கு ஏன் இப்படி வேர்க்கிறது? பொருளாளரைப் பார்த்தேன். தினமும் கிண்டலடிக்கும் மனிதர் தன் ஷூவை முதல்முறை பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞா தெயோ பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்த் தன் கடைக்கோடியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பொருளாளரும் எழுந்தார். கதவைத் திறந்து வெளியே போய், பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார்.

நான் பின்னாலேயே ஓடினேன். "என்ன கராய், நீங்களுமா?"

"தலைநகர்க்காரனோட இந்த ஊரு ஏஜெண்டு இருக்கான்ல?" என்றார் அனஸ்தாசியோ. "அவன் பையனுக்கு நான்தான் ஞானத்தகப்பன். தொக்தோரு அவன் கடைக்குட்டிக்கு. அவர் எங்க எழுந்து வரப்போறாரு." பிறகு பெஞ்சின் அந்தக் கோடியைப் பார்த்து, "பாழாப்போன பொம்பள! உன்னால என் மானமே போச்சு!" என்று கத்தினார்.

"உங்களை யாரு வரச் சொன்னா?" என்றார் ஞா தெயோ, குழலை வாயிலிருந்து எடுக்காமலே.

ஒருவர் மட்டும் இருக்கும் குழு உறையைப் பிரிக்க முடியாது. கூட்டம் கலைந்தது. மேயர் கொதித்துப்போனார். "இப்படிப் பார்த்தா இந்த ஊர்ல குழு போட ஒரு ஆள் மிஞ்சுமா? கல்லறையிலகூட கொம்பாத்ரே இல்லாதவன் கிடையாது!" என்று அவர் கத்தியது வாசல்வரை கேட்டது. நான் அதை வானொலியில் சொன்னேன். ஊரே சிரித்தது. சிரித்ததால்தானோ என்னவோ, விஷயத்தை அமுக்க முடியாமல் போயிற்று. பக்கத்து நகராட்சியிலிருந்து, எங்கள் ஊர் ஆட்கள் யாரையும் தெரியாத ஒரு குழுவை வரவழைத்தார்கள். அவர்கள் உறைகளைப் பிரித்து, செயல்விளக்கம் பார்த்து, தெற்கத்திக் கம்பெனிக்குக் கொடுத்தார்கள். தலைநகர்க்காரர் கடைசி. ஜெருத்தி இரண்டாவது.

இரண்டாவது என்றால் ஒன்றுமில்லை என்றுதான் பொருள். டயர் கடையின் தடுப்பு எடுக்கப்பட்டது. பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

ஜெருத்தி மாடிப்படி அறைக்கு வந்து கேட்டாளாம். கத்தவில்லையாம், அதுதான் தாங்கவில்லை என்று ஞா தெயோ சொன்னார். "என் வேலை நல்லா இல்லையா, மத்ரீனா?" என்று கேட்டாளாம். நல்லா இருந்தது என்றாராம் இவர். "அப்போ நீங்க வாயை மூடிட்டு இருந்திருக்கலாமே. எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம். சும்மா இருந்திருந்தாலே போதுமே" என்றாளாம். அதன் பிறகு அவள் தெருவில் இவரைக் கண்டால் கையைக் கூப்பவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை. ஒரு கடன்காரரைப் பார்ப்பது போலக்கூட இல்லாமல், தெரியாதவரைப் பார்ப்பது போலத் தலையசைத்துவிட்டுப் போனாள். அப்போதெல்லாம் ஞா தெயோவின் வலது கை இடுப்பளவு தானாக எழுந்து, சிலுவை வரைய ஆளில்லாமல், மறுபடி கீழே இறங்கும்.

ஊரில் பாதிப் பேர் அவரைப் புனிதை என்றார்கள், மீதிப் பாதி கிறுக்கு என்றார்கள். அவருக்கு இரண்டுமே ஆகாது. நான் ஒருநாள் பேட்டி கேட்கப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"புனிதையாம் புனிதை! போய் வேலையைப் பாரு ரேடியோ. பெத்தபுள்ள மாதிரி ஒருத்தி இருந்தா, அவளும் போயிட்டா. மெழுகுவத்தி ஏத்தி வெச்சுக் கும்புடப் போறியா?"

"அந்தக் கொம்பாத்ரே நாக்குப் பிசகித்தானே வந்துச்சு? இல்ல, முன்னாடியே முடிவு பண்ணிட்டீங்களா?"

மின்விசிறியை மாமியாரின் பக்கம் திருப்பி வைத்தார்.

"அன்னிக்குத் தொக்தோர் கேட்ட கேள்விக்குப் பூசி மெழுகிப் பதில் சொன்னேன்ல, அது முடிவு பண்ணிச் சொன்னது. சும்மா இருந்துடலாம்னுதான் போனேன். பேரைச் சொல்லலாம்னு வாயைத் திறந்தா, பேரு வரல. நாக்கு என்னை முந்திக்கிச்சு. வந்ததுக்கப்புறம் தோணிச்சு, பேருகூட வராத மனுஷனோட உறையை நான் எந்தக் கையால பிரிப்பேன்?" கண்ணாடியைக் கழற்றினார். "அவளுடையது நல்லா இருந்துச்சு, ரேடியோ. சத்தியமா நல்லா இருந்துச்சு. ஆனா நல்லா இருந்ததால எனக்குப் பிடிச்சுதா, எனக்குப் பிடிச்சதால நல்லா இருந்துச்சான்னு கேட்டா, எனக்கே தெரியல. தெரியாதவ எப்படி மார்க் போடறது?"

அதை ஒலிபரப்பக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். ஒலிபரப்பவில்லை. எழுதக்கூடாது என்று அவர் சொல்லவில்லை.

தெற்கத்தி ஏற்பாடு இப்போது நடக்கிறது. விடிகாலை வரிசை இல்லை. ஆனால் பெயரில் குவரானி எழுத்து வந்தால் அது திணறுகிறது, பாதி ஊர்க்காரர் பெயரைக் குதறிப் போடுகிறது. ஜெருத்தியின் நிரலில் அந்தக் கோளாறு இல்லை என்று செயல்விளக்கம் பார்த்த எல்லோருக்கும் தெரியும். ஞா தெயோ தினமும் உட்கார்ந்து அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகத் திருத்துகிறார். தன் ஞானப்பெண்ணின் பெயரையும் திருத்தியிருக்கிறார். இன்னமும் கடைக்கோடியில்தான் உட்காருகிறார், இன்னமும் தனிக் கொம்புதான். பொருளாளர் கிண்டலை மட்டும் நிறுத்திவிட்டார். அது எங்களுக்குப் பெரிய குறை.

போன வாரம் ஒன்பதரை மணிக்கு நாங்கள் வழக்கம்போல வட்டத்தில் இருந்தோம். ஜெருத்தி தாழ்வாரத்துக்கு வந்தாள். அப்பாவுக்கு உரிமம் புதுப்பிக்க வந்திருப்பாள் என்று நினைத்தோம். அவள் கையில் குளிர்நீர்க் குடுவை, இன்னொரு கையில் அவள் அப்பாவின் பழைய கொம்பு. எங்களைத் தாண்டிப் போனாள். கடைக்கோடியில், ஞா தெயோவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் நகர்ந்து இடம் விட்டார், திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் வட்டத்தில் கொம்பு யார் கையில் நின்றதோ அங்கேயே நின்றுவிட்டது.

ஜெருத்தி ஊற்றினாள். முதல் கொம்பைத் தானே குடித்தாள். இரண்டாவதை ஊற்றி வைத்துக்கொண்டு பேசினாள்.

"இனிமே இந்த நகராட்சிக்கு நான் விலை போடப் போறதில்ல, மத்ரீனா."

"உன்னை யாரு கேட்டா?"

"யாரும் கேட்கல."

"அப்புறம் எதுல பொழைப்பே?"

"கோழிப்பண்ணைக்காரங்களுக்கு முட்டைக் கணக்கு நிரல் எழுதித் தர்றேன். பழைய பசங்க ரெண்டு பேரு திரும்பி வந்துட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "கோழிக்கெல்லாம் ஞானத்தாய் கிடையாது."

பொருளாளருக்குப் புரை ஏறிவிட்டது. ஞா தெயோவின் தோள் ஒருமுறை குலுங்கியது. சிரித்தாரா, என்னவோ, முதுகிலிருந்து எப்படிச் சொல்வது?

"அப்போ இங்க இப்ப நீ யாரா வந்திருக்கே?"

இரண்டு கையிலும் சாமான் இருந்ததால் ஜெருத்தியால் கூப்ப முடியவில்லை. கொம்பை நீட்டினாள்.

ஞா தெயோ தன் கொம்பைப் பெஞ்சில் வைத்தார். அது சாய்ந்து, தண்ணீர் வழிந்தது, எடுத்து நிமிர்த்தவில்லை. ஜெருத்தியின் கொம்பை இரண்டு கையாலும் வாங்கி, குழலில் வாய் வைத்து, அடியில் கரகரவென்று சத்தம் வரும்வரை உறிஞ்சினார். பிறகு திருப்பிக் கொடுத்தார். தாழ்வாரம் முழுக்க நன்றி என்ற அந்த ஒரு வார்த்தை வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம்.

அவர் வாயைத் திறக்கவில்லை. கொம்பைக் கொடுத்த கையையும் மடக்கிக்கொள்ளவில்லை. அடுத்ததற்காக நீட்டியபடியே வைத்திருந்தார்.